ஷோகேஸின் நடுவில் கிபிர்

ஜூன் 3, 2025

கிபிர் வந்துவிட்டது. ஹட்டன் கடைக்குப் பார்சல் வந்ததும் முதலாளி மக்பூல் நானா, "போன் திருத்துறவனுக்குப் போர் விமானம் எதுக்குடா?" என்று சிரித்தார். ஆசை யாரை விட்டது? ஒரு சாண் நீளப் பொம்மை விமானம்தான், ஆனால் முழுக்க உலோகம், கையில் வைத்தால் நல்ல கனம். மிக், சுகோய், ரபேல் எல்லாம் இருந்தும் இது இல்லாமல் என் ஷோகேஸ் பொக்கைவாய் மாதிரி இருந்தது.

ஜூன் 7

நாளை கிளிநொச்சியிலிருந்து ஜெயந்தினியும் அவருடைய தாயாரும் கல்யாணப் பேச்சுக்காக எங்கள் வீடு பார்க்க வருகிறார்கள். போனில் பேசிப் பேசியே எனக்குப் பிடித்துப்போன பெண். தாயார் நோட்டன் பிரிட்ஜ் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்தான். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்குப் போனவர். ஆனாலும் தோட்டத்துக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுதானே என்று நினைத்துவிடக் கூடாதே. சுவருக்குப் பெயின்ட் அடித்தேன். விமானங்களையெல்லாம் துடைத்து, கிபிரை நடுவில் வைத்தேன்.

ஜூன் 8

எல்லாம் போச்சு.

தாயார் உள்ளே வந்தார், ஷோகேஸ் பக்கம் பார்த்தார், "நான் வெளியில நிக்கிறேனே" என்று போனவர் மழைத் தூறலிலேயே நின்றார். எங்கள் அம்மா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. ஜெயந்தினி தலையே நிமிரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். நீங்களும் லயத்துல பொறந்தவங்கதானே? இங்கேயே கெடக்கிற நாங்க மட்டும் கேவலமா?

ஜூன் 9

அதையே மெசேஜாக எழுதி ஜெயந்தினிக்கு அனுப்பியும் விட்டேன்.

ஜூன் 10

ஜெயந்தினி போன் செய்தார்.

"நாங்க வீட்டைப் பார்க்கலைங்க. அந்தக் கிபிரைத்தான் பார்த்தோம். சண்டை நேரம் அது வந்தப்ப நாங்க எல்லாம் பங்கருக்குள்ள ஓடிட்டோம். அண்ணன் மட்டும் வெள்ளைத் துணியைத் தூக்கி ஆட்டிக்கிட்டு வெளியில நின்னாரு. துணியைப் பார்த்துட்டும் அவர் மேல குண்டு போட்டாங்களேன்னு அம்மா இன்னைக்கும் அழுவாங்க."

நான் ஒரு மடையன். கிளிநொச்சி வீட்டுக்காரர்களை வரவேற்க ஷோகேஸ் நடுவில் எதை வைத்தேன்! போனை வைத்ததும் ஷோகேஸைத் திறந்தேன். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். கிபிரைத் தொடவே கை கூசியது.

ஜூன் 13

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

ஜூன் 22

அவரே போன் செய்தார். மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை.

"உங்களுக்கு இதெல்லாம் தெரியும்தானே? அதை ஓட்டுறவருக்குக் கீழ நிக்கிறவங்க தெரிவாங்களா?"

அதன் இறக்கை எவ்வளவு அகலம், எவ்வளவு வேகம் போகும், எத்தனை குண்டு சுமக்கும் – கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் ஒப்பித்திருப்பேன். இது? இத்தனை வருஷத்தில் அதற்குக் கீழே யார் இருப்பார்கள் என்று ஒரு தடவையாவது நினைத்திருக்கிறேனா?

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

"அம்மா கேட்டாங்கன்னா அப்படிச் சொல்லாதீங்க" என்றார்.

அம்மா கேட்பார் என்றால்... சம்பந்தம் இன்னும் முறியவில்லையா?

ஆகஸ்ட் 31

கிளிநொச்சி. தட்டு மாற்றுவதற்கு முன்னால் தாயார் என்னைத் தனியாகக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, மேலருந்து பார்த்தா துணி தெரியுமா?"

"துணியெல்லாம் கண்ணுல படாதுங்க அத்தை" என்றேன். அவரை அத்தை என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அப்ப, பார்த்துட்டுப் போடலை" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.