சாமி மேடையில் ஒரு பேட்டரி

மச்சான், உன் படத்துக்குக் கீழே வசந்தி வைத்திருந்த பேட்டரியை எதேச்சையாகத் தொட்டேன். சுட்டது. கையை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டேன். பக்கத்தில் எரியும் விளக்கிலிருந்து வரும் சூடா, பேட்டரிக்குள்ளிருந்தே வரும் சூடா என்று தெரியவில்லை. நீ இருந்திருந்தால் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே மத்தியானம் வரைக்கும் ஓட்டியிருப்போம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சூலியா தெருவில் என் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு நேராக ஜெலுத்தோங்கில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். சாமி மேடையில் நல்லெண்ணெய் விளக்கு, அதற்கு ஒரு சாண் தள்ளி உன் படம், படத்துக்குக் கீழே வேலி வெட்டும் மெசினின் பேட்டரி. அதன் முதுகில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு செம்பருத்தியும் செருகியிருந்தாள். என் தங்கையை எனக்குத் தெரியும். காரணமில்லாமல் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றி வைக்கமாட்டாள். என்னம்மா இது என்று கேட்டேன்.

"அவரு கடைசியா ஏத்தி வெச்ச சார்ஜ்ணே," என்றாள். பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்திக் காட்டினாள். மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. "பாருங்க, அப்படியே இருக்கு."

தீபாவளிக்கு முன்னால் செம்பருத்தி வேலியை வெட்டிவிட வேண்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம் நீதான் அதை சார்ஜில் போட்டாய். ஞாயிறு விடிந்ததும் நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வேலி வெட்டாமலேயே நின்றது. பேட்டரி நிறைந்த வயிற்றோடு அப்படியே இருந்தது.

எனக்கு அங்கே இரண்டு எண்ணம் ஒன்றாக வந்தது. ஒன்று, இந்த மாதிரி பேட்டரியை எரிகிற விளக்குக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, பற்றிக்கொண்டால் பலகை வீடு தாங்காது. இன்னொன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அழுத்தினேன்.

இதற்கெல்லாம் காரணம் நீதான். பேட்டரிக்கு உசுரு என்று பெயர் வைத்தது நீதானே.

அதற்கு முன்னால் பெட்ரோல் மெசினை இரவல் வாங்கி வெட்டிக்கொண்டிருந்தோம். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். ஓட ஆரம்பித்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். ஆனால் ஒரு நிம்மதி, சத்தம் நின்றால் மெசின் நின்றுவிட்டது என்று அர்த்தம். சிக்கிய குச்சியைக் கையால் பிடுங்கலாம். நம் இரண்டு பேருக்கும் அது கையோடு ஊறிப்போன பழக்கம்.

பேட்டரி மெசின் வந்த அன்றைக்கு நீ குழந்தை மாதிரி இருந்தாய். பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கிறது என்று சொல்லிச் சொல்லி வெட்டினாய். கைப்பிடியில் இரண்டு சுவிட்ச் இருந்தது, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும். ஒரு கை எங்கேயோ போய் வெட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருந்தார்கள். உனக்கு அது தொல்லையாகப் பட்டது. ஒரு சுவிட்சைக் கருப்பு டேப் போட்டுச் சுற்றி எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்துவிட்டாய். பத்து காவான் ஊர்ப் பேக்டரியில் நீ ஷிப்ட் சூப்பர்வைசர், அங்கே யாராவது மெசின் கதவைக் கட்டி வைத்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவன், இங்கே கைலியோடும் சிலிப்பரோடும் ஒற்றைக் கையால் வெட்டுகிறாய். பத்து காவானுக்கு ஒரு சட்டம், ஜெலுத்தோங்குக்கு ஒரு சட்டமா என்று கேட்டேன். "அங்க கேமரா இருக்குலா மச்சான். இங்க நீ மட்டுந்தான இருக்க," என்றாய்.

அன்றைக்கே அது நடந்தது. தடித்த குச்சி ஒன்று பல்லுக்கு நடுவில் மாட்டி மெசின் கம்மென்று நின்றது. நீ பழக்கத்தில் அதைத் தொடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, குச்சியைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனாய். இன்னொரு கை விரல் எப்படியோ சுவிட்சில் பட்டது. ஒரு கணம்தான். குச்சி தெறித்தது, கைலி முழங்காலுக்கு மேலே கிழிந்து தொங்கியது, உன் ஆள்காட்டி விரலின் நகத்து நுனியைக் காணோம். வசந்தி உள்ளேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று நாம் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

வாசல்படியில் உட்கார்ந்தபோது உன் முகத்தில் பயம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே மெசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். சத்தமே இல்லையே, செத்துப்போச்சு என்றுதானே நினைத்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். பிறகு பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "சத்தம் நின்னா சாவு இல்ல மச்சான். உசுரு உள்ள இருக்குற வரைக்கும் கடிக்கும். உசுர கழட்டி வெளிய வெச்சிட்டுத்தான் கைய விடணும்."

டேப்பையும் அப்போதே நீயே பிய்த்துப் போட்டாய். அதிலிருந்து வீட்டில் வேறு பெயரே கிடையாது. உசுரு எங்கே வசந்தி, உசுரு சார்ஜ் ஏறிவிட்டதா, உசுரை மழையில் வைக்காதே. எதிர்வீட்டுச் சீனத்து அம்மா ஆ சோ ஒரு நாள் என்னிடம், உன் மச்சான் எதை இப்படித் தேடிக்கொண்டே இருக்கிறார் என்று மலாயில் கேட்டாள். சொன்னேன், சிரித்துக்கொண்டே போனாள்.

அந்த உசுரை முறுக்கு மாவு நிறுக்கும் தராசில் வைத்தது நினைவிருக்கிறதா? சார்ஜ் நிறைந்திருக்கும்போது கனம் கூடியிருக்கும் என்று நான் சொன்னேன், கூடாது என்று நீ சொன்னாய். நிறைவாக ஒரு தடவை, வேலி முழுக்க வெட்டித் தீர்த்துவிட்டு ஒரு தடவை வைத்துப் பார்த்தோம். முள் ஒரே இடத்தில் நின்றது. ஜெயித்தது நீதான், ஆனாலும் உனக்குச் சந்தோஷமில்லை. "அப்ப உள்ள என்னதான் போச்சு, வெளிய என்னதான் வந்துச்சு?" என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. தராசில் மாவுக்குப் பதில் இலைத்தூள் ஒட்டியிருக்கிறது என்று வசந்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அவளும் சும்மா இருக்கவில்லை. ஆயுத பூஜையன்று மெசினுக்கெல்லாம் பொட்டு வைத்தவள், பேட்டரியில் இரண்டு செப்புத் தகடும் மூக்குத் துவாரம் மாதிரி இருக்கிறதே என்று சந்தனத்தைக் குழைத்துச் சரியாக அதன் மேலேயே அப்பிவிட்டாள். மறுநாள் மெசின் ஓடவில்லை. சாமி கோபித்துக்கொண்டார் என்று அவள், சந்தனத்துக்கு மின்சாரம் பிடிக்கவில்லை என்று நீ. பேட்டரியைக் கழற்றி, ஈரம் காயும் வரை விட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தாய். இரும்பால் சுரண்டினால் இரண்டு தகட்டையும் சேர்த்துத் தொட்டுப் பொறி பறக்கும் என்று ஸ்குரு டிரைவரை என் கையிலிருந்து பிடுங்கியதும் நீதான். பொட்டு இனிமேல் முதுகில் மட்டும் என்று முடிவானது. உன் படத்துக்குக் கீழேயும் அவள் முதுகில்தான் வைத்திருந்தாள் மச்சான்.

விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம், ஸ்டோர் ரூமில் வைத்துவிடலாம் என்று அவளிடம் சொன்னேன். "அவரு உசுருன்னுதான சொன்னாரு? உசுர கொண்டுபோயி ஸ்டோர் ரூம்லயா வெப்பாங்க?" என்றாள். நீ சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் எங்கே போய்ப் பதில் தேடுவேன்?

மெசின் விற்கிற கடை அங்கிளிடம் போய்க் கேட்டேன். உப்பியிருக்கிறதா, கீறல் விட்டிருக்கிறதா, வாசனை ஏதாவது வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். அப்படி ஏதாவது இருந்தால் மறுபடியும் சார்ஜில் போடவே போடாதே, தகடுகளில் டேப் ஒட்டிப் பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் கொடுத்துவிடு, குப்பையில் போடாதே என்றார். நல்லபடியாக இருந்தால் குளுமையான, காய்ந்த இடத்தில் வைத்தால் போதும் என்றார். மறுபடியும் வந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. விளக்குச் சூடுதான். அது ஒன்றுதான் பயம், ஆனால் அது தினமும் காலையும் மாலையும் ஏற்றுகிற விளக்கு.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். வீடு எரிந்தால் மச்சான் படமும் சேர்ந்துதானே எரியும் என்றேன். வசந்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு போனையும் எடுக்கவில்லை. நான் கடையில் உட்கார்ந்துகொண்டு ஜெலுத்தோங் பக்கம் தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அப்படிப் பயந்துகொண்டு வாழ்ந்ததே இல்லை.

ஒரு நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு வெளக்கு அணைஞ்சிருச்சுண்ணே."

கடையைப் பாதியில் விட்டுவிட்டு மோட்டோவில் வந்தேன். பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொத்தானை அழுத்தினால் இரண்டு விளக்குதான் எரிந்தது. தினமும் அழுத்தி அழுத்திப் பார்த்ததால் நானே தீர்த்துவிட்டேனா என்று கேட்டாள். அது ஒரு துளிதான், சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத்தான் செய்யும் என்றேன். பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். உன்னோடு இத்தனை காலம் பழகியவனுக்கு அது வரவில்லை.

"அப்ப வெச்சிருந்தாலும் போயிருமா?"

"போயிரும்மா."

"எங்கண்ணே போகும்?"

அது உன் கேள்வி மச்சான். உன் குரலிலேயே கேட்டாள். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்தாள். செம்பருத்தி காடாக வளர்ந்து பாதித் தெருவை மறைத்திருந்தது. மோட்டோவில் போகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். "அப்ப அவரு நெனச்ச வேலைக்கே போகட்டும்ணே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெட்டினோம். நான் வெட்டுகிறேன் என்றேன், விடவில்லை. கடையிலிருந்து இரண்டு பாதுகாப்புக் கண்ணாடி கொண்டுவந்திருந்தேன். நான்தான் ஏற்கெனவே கண்ணாடி போட்டிருக்கிறேனே என்று நீ எப்போதும் தட்டிக்கழிப்பாய். இவள் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டாள். கூந்தலை இறுக்கி முடிந்து, ஷூ போட்டுக்கொண்டு, முதலில் வேலிக்குள் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். துணி காயப்போட்ட பழைய கம்பி ஒன்று உள்ளே ஓடியிருந்தது. அதை எடுத்த பிறகுதான் ஈரத்துணியால் முதுகுச் சந்தனத்தைத் துடைத்து, காயவைத்து, பேட்டரியை மாட்டினாள். இரண்டு கையும் இரண்டு சுவிட்சில்.

கேட்டிலிருந்து ஆரம்பித்தாள். இலை பறந்தது. பச்சை வாசனை தெருவெல்லாம் ஏறியது. எதிர்வீட்டு ஆ சோ கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச தூரம் போனதும் ஒரு குச்சி மாட்டிக்கொண்டு மெசின் கம்மென்று நின்றது. அதே அமைதி. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் வசந்தி விரலைச் சுவிட்சிலிருந்து எடுத்து, மெசினைத் தரையில் படுக்கவைத்து, பேட்டரியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"உசுர புடிங்கண்ணே," என்றாள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அவள் ஒரு குச்சியை வைத்து அந்தக் குச்சியைத் தள்ளி எடுத்தாள். நான் உன்னைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதேன் மச்சான். பாதுகாப்புக் கண்ணாடி எதற்கெல்லாம் உதவுகிறது என்று நீ கிண்டல் செய்திருப்பாய்.

பாதிக்கு மேல் போயிருப்பாள். மெசின் சத்தம் இளைத்து நின்றது. குச்சி மாட்டியதால் அல்ல, சார்ஜ் தீர்ந்துவிட்டது. கழற்றிப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் எரியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தாள். இப்போதுதான் உடைவாள் என்று நான் பயந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்து, சார்ஜர் எங்கே என்று கேட்டாள்.

எழுந்து எடுத்து வந்தேன். உடனே மாட்டப் போனவனைத் தடுத்து, வேலை செய்த சூடு ஆறட்டும் என்றாள். கோப்பி போட்டுக் கொண்டுவந்தாள். ஆறிய பிறகு, சாமி மேடைக்குப் பக்கத்துப் பிளக்கில் இல்லை, வாசல் பக்கத்துப் பிளக்கில், வெறும் சிமெண்டுத் தரையில் வைத்து, சுற்றியிருந்த பேப்பரையும் துணியையும் விலக்கிவிட்டு மாட்டினாள். முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டுவிட்டு வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேணாண்ணே. இது நான் ஏத்துற சார்ஜ்," என்றாள்.

சாயங்காலம் மிச்சத்தையும் அவளே வெட்டி முடித்தாள். பேட்டரி இப்போது ஸ்டோர் ரூமில் பெட்டிக்குள் இருக்கிறது. நான் சொல்லி அல்ல, அவளாகவே கொண்டுபோய் வைத்தாள். உன் படத்துக்குக் கீழே பூ மட்டும்தான். எனக்குத் தீயணைப்பு வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுக்கும் வேலை விட்டுப்போனது. சார்ஜ் எங்கே போகிறது என்ற கேள்வி மட்டும் விடவில்லை. கடைக்கு வருகிறவர்களில் படித்தவர் யாராவது தெரிந்தால் கேட்டுப்பார்க்கிறேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். உனக்குத் திருப்தி வருகிற மாதிரி இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

வேலி இப்போது கேட்டிலிருந்து சாக்கடை வரைக்கும் ஒரே மட்டமாக நிற்கிறது. தெருவில் போகிறவர்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தபால் பெட்டியைத் தாண்டி ஒரு தடித்த கிளை இருக்கிறது. அதில் பாதி வெட்டு விழுந்தபோதுதான் நீ ஏற்றி வைத்த சார்ஜ் தீர்ந்து மெசின் நின்றது. ஜெலுத்தோங்குக்கு வரும்போதெல்லாம் மோட்டோவை அங்கேதான் நிறுத்துகிறேன். அதுவரைக்கும் வெட்டினது நீ, மச்சான்.