மாதா பாட்டும் ஸ்பானிஷ்காரனும்

ஓகஸ்ட் 10, ஞாயிறு

வெக்கை. கோவில் விசிறி பழுது. ஸ்பானிஷ்காரர் பூசை முடித்துப் போன பிறகுதான் எங்கள் தமிழ்ப் பூசை. இன்றும் அரை மணி தாமதம். காரணம் அந்த எவேலியோ. ஒரு காலத்தில் காதல் பாட்டுப் பாடிக் கொடிகட்டிப் பறந்தவனாம். இப்போது நகரின் வடக்கே, அஹுன்ட்சிக்கில் மகள் வீட்டில். வாசலில் அவனோடு படம் எடுக்கக் கிழவிகள் வரிசை. இந்த வெயிலிலும் கழுத்தில் பட்டுச் சால்வை, தலைக்கு மை. மூன்றாம் முறையாக என் பெயரைக் கேட்டான். பெரிய ஆட்களுக்கு எங்கள் பெயர் ஏன் நினைவிருக்கப்போகிறது.

சுவாமியின் அறிவிப்பு: வரும் ஞாயிறு மடு மாதா திருநாள், இரண்டு சனமும் சேர்ந்து. முடிவில் என் மாதா பாட்டு. எவேலியோவும் இருப்பான்.

ஓகஸ்ட் 11, திங்கள்

கிடங்கில் வேலை ஓடவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன். அந்த மெட்டு என்னுடையதல்ல. எவேலியோவுடையது. முப்பது வருடத்துக்கு முன் டவுன்டவுன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியபோது, சமையற்காரன் நாள் முழுக்கப் போட்ட கசெட். சொல் விளங்கவில்லை, மெட்டு ஒட்டிக்கொண்டது. மாதாவுக்கு வரி எழுதிப் போட்டேன். "மெட்டு ஆர்?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்றேன். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் றோசா என்னைக் கட்டினாள்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

மழை. ஃபோனில் அவன் வரலாறு பார்த்தேன். வானொலிப் போட்டி, பதினேழு இசைத்தட்டு, மூன்று கல்யாணம். மேடையில் அழுவானாம், பெண்கள் கைக்குட்டை எறிவார்களாம். ஐம்பது வயதில் தொண்டையில் கட்டி. அதோடு சரி. நல்லது.

அவன் அந்த மெட்டைப் பாடியது யாரோ ஒருத்தியின் சன்னலைப் பார்த்து. நாங்கள் முழங்காலில் நின்று பாடுகிறோம்.

ஓகஸ்ட் 14, வியாழன்

பாட்டுப் பழக்கம். வேறு பாட்டுப் போடுவோம் என்றேன். ஆர்கன் வாசிக்கும் யூட் சிரித்தான்.

"என்ன அண்ணை, உங்கடை பாட்டில்லாமல் திருநாளோ?"

றோசா: "இவருக்கு வெக்கம். விடுங்கோ, பேந்து பாடுவார்."

வாங்க வேண்டியவை: பால், தொண்டை மிட்டாய், றோசாவின் சேலைக்கு ஊசி.

எவேலியோக் கிழவன் காய்ச்சலில் படுக்க வேண்டும் என்று செபித்தேன். மாதாவிடமே.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வந்தான். முன் வரிசை. முதல் அடியிலேயே தலை நிமிர்ந்தது. இரண்டாம் அடியில் எழுந்து நின்றான். என் குரல் நடுங்க, யூட் ஆர்கனைக் கூட்டி மறைத்தான். அவன் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முடிந்ததும் நேரே என்னிடம். றோசா பக்கத்தில். என் கையைப் பிடித்து ஏதேதோ சொன்னான், கண்ணெல்லாம் தண்ணீர். மகள் பிரெஞ்சில் சொன்னாள்: அப்பாவுக்கு நினைவு போய்விட்டது, தன் பாட்டே ஒன்றும் தெரியாது. இவ்வளவு அழகான மெட்டைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லையாம். யார் போட்டது என்று கேட்கிறார்.

அது யார் மெட்டென்று மகளுக்குத் தெரியும். கண் எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

நான் வாய் திறக்கமுதல் றோசா என் தோளைத் தொட்டாள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "இவர்தான்" என்றாள். முகமெல்லாம் பெருமை.

நான் மறுக்கவில்லை.

பாவிக் கிழவன் குனிந்து என் கையை முத்தமிட்டான். பிறகு மறுபடியும் என் பெயரைக் கேட்டான்.

சொன்னேன்.