பள்ளிக்கரணைக் கிடங்கில் அப்பா

சேலையூர்,
22-7-2007

தம்பி தினகரனுக்கு,

அக்கா ஜெயஸ்ரீ எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை பழகியிருக்கிறது. இன்றைக்கு எழுத வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். கலைஞன் என்று உன்னை அழைத்துக்கொண்ட ஹாலந்துக்காரர்கள் தங்க வீடும் ஓட்ட சைக்கிளும் கொடுத்திருக்கிறார்கள் என்று போட்டோ அனுப்பியிருந்தாயே, பார்த்தோம்.

போனில் பேசலாம்தான். நீ எடுத்தால்தானே! எடுத்தாலும் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன், கடைசியில் "அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது" என்று முடித்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. மாமா இதைக் கூரியரில் போடுகிறேன் என்றிருக்கிறார். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

முதலில் ஒன்று. எனக்குப் புரியவில்லை என்று மட்டும் சொல்லாதே. உன் கண்காட்சி திறந்த அன்றைக்கே நானும் மாமாவும் ஸ்கூட்டரில் பள்ளிக்கரணைக்குப் போனோம். குப்பை மேட்டுப் புகையில் கண் எரிய, அந்தப் பழைய பிளைவுட் கிடங்கைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சட்டம் போட்டு மாட்டிய படம் ஒன்றுகூட இல்லையே, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று மாமா திரும்பிவிடப் பார்த்தார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

கதவில்லாத பிரிட்ஜ் ஒன்று நிறுத்தியிருந்தாய். உள்ளே சதுப்பு மண், அதில் கோரை முளைத்து நிற்கிறது, மேலே பல்பு எரிகிறது. முட்டை வைக்கிற குழியில் நத்தை ஓடுகள். இவ்வளவு பெரிய சதுப்பை இத்தனூண்டு பெட்டிக்குள் அடைத்துவிட்டோம், இனி பிள்ளைகள் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்கிறாய். சரிதானே? யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்ததும் தெரிந்தது.

அடுத்து அந்தத் தூளிகள். உத்தரத்திலிருந்து வரிசையாகப் புடவைத் தூளி கட்டி, ஒவ்வொன்றிலும் மனை பிரிக்கிற கல்லைப் படுக்க வைத்திருந்தாய். மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ஜெயா, கல்லுக்குப் போய் தூளி கட்டிக்கீறான் உன் தம்பி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்து நிலத்தைப் பத்திரம் முடித்துக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு அப்பா கைகழுவாமல் சாப்பிட உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. நெல் விளைந்த இடத்தில் கல்லை நட்டு, அதைப் பிள்ளை மாதிரி காவல் காத்தோமே, அதைத்தான் சொல்கிறாய் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது எனக்கு. ஒரு தூளியை லேசாக ஆட்டிக்கூட விட்டேன். உடனே யூனிஸ் ஓடி வந்தாள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். "மேடம், எதையும் தொடக் கூடாது" என்றாள். சரிம்மா என்று கையை எடுத்துக்கொண்டேன். என் தம்பி செய்தது என்று அவளிடம் பெருமையாக வேறு சொன்னேன், போ.

அப்புறம் கறுப்புத் திரை போட்ட அறை. உள்ளே போனால் அப்பாவின் கட்டில். கயிறு தளர்ந்துபோச்சு, பின்னி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாயே, அதே கட்டில். அதன்மேல் பெரிய டிவி ஒன்றை வானம் பார்க்க மல்லாத்திப் போட்டிருக்கிறாய். அதற்குள் அப்பா படுத்திருந்தார்.

பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய் அவர் கிடந்த அந்த மார்கழி மாசம். நீ வீட்டுக்கு வந்து கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தாய். குடும்ப ஞாபகத்துக்கு அக்கா என்றாய். பிள்ளை அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறானே என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உனக்கு வேளாவேளைக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேனே!

சட்டை போடாமல் கேட்டுப் பக்கம்கூட வராத மனுசனடா அவர். பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். அவரை இடுப்பில் வேட்டி நிற்காமல் படுக்க வைத்து ஊரே குனிந்து பார்க்கும்படி செய்திருக்கிறாய். கஞ்சி கடைவாயில் வழிகிறது. ஒரு கை வந்து துடைக்கிறது. என் கை. முகம் இல்லை, கையும் வளையலும் மட்டும். அதோடு விட்டாயா? படுக்கையை நனைத்துவிட்டு அவர் அழுகிறார். அந்த அழுகையை நான் பார்த்ததே இல்லை. மாற்று வேட்டி எடுக்க உள்ளே போயிருப்பேன். நீதான் பக்கத்தில் இருந்தாய். தூக்கி உட்கார வைத்தாயா? வேட்டியையாவது இழுத்து விட்டாயா? கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோயிருக்கிறாய். முகம் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

கட்டிலைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள், ஒருத்தர் கையில் டீ கப். சுவரில் தாள் ஒட்டியிருந்தது. "உழவனின் உடல், கைவிடப்பட்ட நிலம்." கைவிடப்பட்டதா? யார்டா கைவிட்டது? காலையும் மாலையும் துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டேனே, நான் கைவிட்டேனா? பிரிட்ஜை நிலம் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். கல்லைப் பிள்ளை என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். அது அப்பா.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அக்கா, அது அப்பாவோட உடம்பு இல்ல, அது காலம்" என்றாய். காலத்துக்கு யாருடா கஞ்சி ஊற்றினது?

அது போதாது என்று, அடுத்த நாள் மாமா போனில் அப்பாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில், "அப்பா, கண்காட்சியில நீங்கதான் ஹீரோ" என்று சொல்லி வைத்தாய். அவருக்குப் பேச்சு வராதே தவிர காது நன்றாகவே கேட்கிறது. இப்போது தடி ஊன்றி நடக்கிறார் என்பதும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு என் புடவையைப் பிடித்து இழுக்கிறார். கூட்டிப் போ என்று கை காட்டுகிறார். வெயிலாக இருக்கிறதுப்பா என்றேன். ஆடி பிறக்கட்டும் என்றேன். ஆடி பிறந்து, அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற ரேடியோவும் கட்டிவிட்டார்கள். அவர் விடவில்லை. பிள்ளை தன்னைப் பெரிதாக என்னவோ செய்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

யூனிஸைப் போய்ப் பார்த்துக் கெஞ்சினேன். அவர் வருகிற அரை மணி நேரம் மட்டும் டிவியை அணைத்து வை, தாயே என்றேன். அவளும் சங்கடப்பட்டாள். "ஆர்ட்டிஸ்ட் மெயில் அனுப்பாம நான் ஆஃப் பண்ணக் கூடாது மேடம்" என்றாள். உனக்கு எத்தனை போன் போட்டேன், எண்ணிப் பார். ஒன்றையாவது எடுத்தாயா?

புதன்கிழமை அவரே தடியை ஊன்றிக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றுவிட்டார். முந்தின நாளே சவரம் செய்துகொண்டவர், அன்றைக்கு விடிந்ததுமே இஸ்திரி போட்ட வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு என்று தயாராகிவிட்டார். எனக்கு வேறு வழியில்லை. பிரிட்ஜையும் தூளியையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, பக்கத்துத் தெரு லாசரஸ் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அப்பா தூளியைப் பார்த்ததும் ஒரு கல்லைக் கையால் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. அப்படியே கிளம்பியிருக்கலாம். லாசரஸ் நல்லவன், ஒன்றும் தெரியாதவன். திரைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இங்க வாங்க, உங்க படம் ஓடிக்கினு கீது!" என்று கத்தினான். நான் கையைப் பிடிப்பதற்குள் அப்பா உள்ளே போய்விட்டார்.

முதலில் கட்டிலைத்தான் கண்டுபிடித்தார். சட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு டிவியைக் குனிந்து பார்த்தார். அவருக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை தினகரா. என் பக்கம் திரும்பி, யார் இது என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து அந்தக் கை வந்தது, வளையலோடு. அந்த வளையலைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். அப்புறம் அவர் அழுகிற இடம் வந்தது.

தடியைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, தோள் துண்டை இடது கையால் உருவினார். ஒற்றைக் கையால் விரிக்க வரவில்லை. உதறி உதறி, படம் திரும்ப முழு உடம்பைக் காட்டியபோது அந்த டிவிக் கண்ணாடிமேல் போர்த்தினார். நான் உதவப் போனபோது முழங்கையால் தள்ளிவிட்டார்.

நம் ஊரில் என்ன வழக்கம் என்று உனக்கு மறந்திருக்காது. தீமிதியில் சாமி ஆடி விழுந்தவனாகட்டும், குடித்துவிட்டு கேம்ப் ரோட்டில் கிடப்பவனாகட்டும், வேட்டி விலகிக் கிடந்தால் முதலில் பார்க்கிறவன் தன் துண்டை எடுத்து இடுப்பு மறையப் போர்த்துவான். பேர் கேட்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் அப்புறம்தான். முகத்தை மூட மாட்டான். முகத்தை மூடினால் பிணம். அப்பாவும் இடுப்பிலிருந்து முழங்கால்வரைதான் போர்த்தினார். முகத்தை விட்டுவிட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

அதற்குக் கைதட்டினார்கள். அறையில் இருந்த அத்தனை பேரும்! தாடி வைத்த ஒருத்தர், தன் மரணத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறார் என்றார். இன்னொரு அம்மா, இல்லை, தனக்குத் தானே பொன்னாடை போர்த்திக்கொள்கிறார் என்றாள். ஒருவன் போட்டோ எடுத்தான். நான் தூளியைத் தொட்டால் குற்றம், அப்பா மானத்தை மூடினால் அது கலை! மறுநாள் இங்கிலீஷ் பேப்பரில் படமே வந்துவிட்டது. உங்க அப்பா பேப்பர்ல வந்துட்டாராமே என்று தெருவே வந்து கேட்டுவிட்டுப் போகிறது.

துண்டைக் கொடும்மா என்று கேட்டதற்கு யூனிஸ் உன் மெயிலைக் காட்டினாள். "யாரும் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும், இப்போதுதான் முழுமையாகியிருக்கிறது" என்று, அவள் நடந்ததை எழுதிய பத்தே நிமிஷத்தில் பதில் போட்டிருக்கிறாய். என் போனை எடுக்க உனக்கு நேரமில்லை. அடப்பாவி, பெற்றவர் கூசிப்போய் நிற்கிறது உனக்கு முழுமையா?

இப்போது வீட்டு நிலவரம் சொல்கிறேன். அப்பா என் கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார். ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்கிறார். கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போ என்று கை காட்டுகிறார். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு இடது கையால் அள்ளுகிறார், பாதி மடியில் கொட்டுகிறது. துடைக்கப் போனால் அறை மூலையெல்லாம் பார்க்கிறார். கேமராவைத் தேடுகிறார் தினகரா. நானும் உன்னோடு கூட்டு என்று நினைக்கிறார். வளையலைக் கழற்றி வைத்துவிட்டுக்கூடப் போய்ப் பார்த்தேன். கையைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தெரியாதுப்பா என்று காலைப் பிடித்துச் சொன்னேன். என் பேச்சை அவர் நம்பவில்லை.

மாமா, "வா, போய் அந்தத் துண்டைப் பிடுங்கிக்கினு வந்துடலாம், எவன் கேக்கறான்னு பார்க்கறேன்" என்கிறார். போகலாம். எனக்கும் அங்கே போய் நாலு வார்த்தை கேட்கத்தான் வாய் துடிக்கிறது. ஆனால் நான் கொண்டுவந்து கொடுத்தால் அவர் வாங்க மாட்டார். பீரோவிலிருந்து வேறு துண்டு எடுத்துக் கொடுத்தேன், தள்ளிவிட்டார். துண்டில்லாமல் வாசலுக்கு வர மாட்டார் என்பதால் அறையை விட்டே வெளியே வருவதில்லை.

மாசக் கடைசியில் கட்டில், டிவி, துண்டு எல்லாவற்றையும் பெட்டி கட்டி டெல்லிக்கு அனுப்பப் போகிறார்களாம். அதற்குள் நீ கிளம்பி வா. ஓவியம், சிற்பம், காலம், நிலம் எதுவும் எனக்கு விளக்க வேண்டாம். நேரே பள்ளிக்கரணைக்குப் போ. அந்த டிவியை அணை. துண்டை உன் கையால் எடு. வீட்டுக்கு வந்து அப்பா தோளில் போடு. அவர் அறைந்தால் வாங்கிக்கொள், அந்த இடது கையில் இப்போது நல்ல பலம் இருக்கிறது.

போட்டுவிட்டு, "அக்காவுக்கு ஒன்றும் தெரியாதுப்பா" என்று மட்டும் அவரிடம் சொல். உன் வாயால் சொன்னால் நம்புவார். எனக்கு அவர் வாய் திறக்க வேண்டும், ஒரு வாய் கஞ்சியாவது என் கையால் வாங்க வேண்டும்.

உன்னைத் திட்டிவிட்டேன். திட்டினதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். சைக்கிளில் காற்றுக்குக் காதைக் கட்டிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. எங்கே போனாலும் உன்னைப் பார்த்துக்கொள்ள ஒரு கை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வருகைக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அக்கா ஜெயஸ்ரீ