சனிக்கிழமை சவுந்தரம் வருகிறாள்

சேசு மரி சூசை துணை

திருச்சுழி
12-11-1945

அன்புள்ள மாப்பிள்ளை ஞானராஜுக்கு அத்தான் ஜேசுராஜ் எழுதிக்கொள்வது. கொழும்பில் நீ சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும். எனக்குக் கை வரவில்லை.

உன் அக்காள் சவுந்தரத்தை வருகிற சனிக்கிழமை மலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். நெஞ்சு நோவு குணமாகிவிட்டதென்று அவளே உனக்கு எழுதியிருப்பாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் அவள் எதிரில்தான் சொன்னார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய், இனி அந்த அம்மாள் ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். நான் திரும்பி உள்ளே போனபோது, எனக்கெதற்கு இனிமேல் என்று சிரித்தபடி, தன் போர்வையைப் பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்வேன், சொல்லு.

லீவு கேட்டால் முதலாளி சனி ஞாயிறு மட்டும்தான் தருவேன் என்கிறார். ஆகையால் இன்றும் பஸ் ஓட்டினேன். யுத்தம் முடிந்தும் பெட்ரோல் கண்ணில் படவில்லை. பஸ்ஸின் முதுகில் கட்டிய உருளையில் கரியை எரித்து, அந்த வாயுவில்தான் இன்னமும் வண்டி ஓடுகிறது. எடை கூட்டுவதற்காகக் கரிமூட்டையில் தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டிருக்கிறான் கரிக்காரன். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கரிக்குத் தெளிக்க மட்டும் எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது. கிளீனர் மொக்கையன் உருளைக்குக் காற்று ஊதும் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோனான். தீ பிடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. கோர்ட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் வைதார்கள். நானும் கூட நாலு வார்த்தை வைதேன். இந்த நாலைந்து நாளாக யாரைக் கண்டாலும் எரிந்துதான் விழுகிறேன்.

கண்மாய்க்கரை மேடு வந்தால் எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்பது நீ அறிந்ததுதான். பிள்ளைக்காரியானாலும் சரி, தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தாவானாலும் சரி, பெண்கள் நடக்க, ஆண்கள் தள்ளுவார்கள். மேட்டின் உச்சியில் வாயு நன்றாகப் பிடித்து, என்ஜின் முக்கலும் முனகலும் விட்டு ஒரே சீராகப் பாடும். அந்தச் சத்தம் என் காதுக்கு எப்போதும் இனிப்பு. இன்றும் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே ஞாபகம் வந்துவிட்டது.

சவுந்தரம் வருவதை மொக்கையன் பஸ் முழுக்கச் சொல்லிவிட்டான். மோர்ப்பானையோடு தினமும் ஏறும் ஜக்கம்மாள் என் பக்கத்தில் வந்து, "டிரைவரே, தங்கச்சி வார அன்னைக்கு முன் சீட்டு அவளுக்குத்தான். மேட்டுல அவ எறங்கவே கூடாது. நாங்க பஸ்ஸோட அவளையும் சேத்துத் தள்ளிருவோம்" என்றாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். காலையில் என்னை வைத ஒரு மனுஷரே, அன்றைக்கு நானும் ஒரு கை கொடுக்கிறேன் என்றார். இந்தப் பாதையில் இதுவரை யாருக்கும் செய்யாத மரியாதை மாப்பிள்ளை.

நான் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தேன். போன தடவை ஆஸ்பத்திரியில் அவளை நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். ஜக்கம்மாளின் மோர்ப்பானை அவளைவிடக் கனக்கும். அவளுக்காகவா இத்தனை பேர் தள்ள வேண்டும்? உண்மையைச் சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் பஸ்ஸில் ஒருவரிடம் சொன்னால் ஊரெல்லாம் சொன்ன மாதிரி. வீடு வந்து சேருமுன்பே அவள் காதில் விழுந்துவிடும். அதனால் எல்லாருக்கும் சந்தோஷம் என்று சொல்லிவிட்டு ஓட்டினேன். இந்தச் சந்தோஷத்தை இனிமேல் தினமும் நான் சுமக்க வேண்டும். எனக்குத் திராணி இல்லை. ஜெபம் சொல்ல உட்கார்ந்தாலும் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை உன்னை வைத்துத்தான் தீர்த்துக்கொண்டாள். ஆகவே உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீ இதை யாருக்கும் சொல்லாதே, அவளுக்கு எழுதுகிற காகிதத்திலும் காட்டிக்கொள்ளாதே.

ஈஸ்டருக்கு லீவு எடுத்து வருவதாக எழுதியிருந்தாய். ஈஸ்டர் வேண்டாம் மாப்பிள்ளை. கிறிஸ்மஸுக்கு வா. அதற்கு முன்னால் கப்பல் கிடைத்தால் அதிலேயே ஏறு. அவளைக் கண்டதும் அழுதுவிடாதே. "என்னக்கா, நல்லாத் தேறிட்டியே" என்று சொல். நானும் சொல்லிப் பார்க்கிறேன், பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். நீ சொன்னால் நம்புவாள்.

மாதா உன்னைக் கடல் கடத்தி எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரமாகச் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
ஜேசுராஜ்