அவர் முதுகுக்கு நாலு கிலோ

மார்ச் 4, செவ்வாய்

காட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். உண்மையில் டாக்டர் சொன்னது "நடக்கலாம்" என்றுதான். அதைக் காடு என்று ஆக்கிக்கொண்டது என் வீட்டுக்காரர். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம் ஆகிறது. வேறு யாராக இருந்தாலும் எப்போது வேலைக்குப் போகலாம், எப்போது மாடி ஏறலாம் என்று கேட்டிருப்பார்கள். இவர் கேட்டது, "பையோட நடக்கலாமா டாக்டர்?"

"மூட்டை எல்லாம் தூக்காதீங்க."

"மூட்டைன்னா எத்தனை கிலோ?"

டாக்டர் அடுத்தவருடைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "ஒரு நாலு கிலோ வெச்சுக்கோங்களேன்" என்றார்.

நாலு கிலோ! பழைய நாட்களில் இவர் சுமந்தது பதினொன்று. நேற்று வீடு வரும்வரை இவர் முகத்தில் சிரிப்பு. பார்சல் கவுன்டரில் இருபது வருஷமாக எடை போடும் கை என்னுடையது. தராசு சொல்லும் முன்பே சொல்லிவிடும். இன்று எந்தப் பெட்டியைத் தூக்கினாலும், இது அவர் முதுகுக்கு ஆகுமா ஆகாதா என்றே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு அம்மாவுக்கு ரசீது கொடுக்க மறந்து, பின்னாலேயே வாசல் வரை ஓடினேன்.

மார்ச் 5, புதன்

நேற்று மாலை மேல் அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கி ஹாலில் பரப்பினோம். டென்ட்டில் பூஞ்சை வாசனை. முதுகுப்பையைக் காலியாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாமல், அதுவே இரண்டு கிலோவுக்கு மேல். பை, கூரை, படுக்கை என்ற இந்த மூன்றில் கை வைக்காமல் மற்றதையெல்லாம் குறைப்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சொன்னால் கேட்கிறாரா? முதல் வேலையாகச் சோப்பைப் பாதியாக வெட்டினார்.

சாப்பாட்டு நேரத்தில் டென்ட்டை ஆபீஸ் தராசில் வைத்தேன். மேலதிகாரி எட்டிப் பார்த்து, "எந்த ஊருக்கும்மா அனுப்பணும்?" என்றார். அதோடு ஒரே சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன்.

மார்ச் 8, சனி

மலையேறுபவர்களுக்கான கடைக்குப் போனோம். கடைக்காரர் உள்ளங்கையில் அடங்கும் டென்ட் ஒன்றை எடுத்து நீட்டினார். "காத்து மாதிரி இருக்கும் மேடம்."

"காத்து அடிச்சா?"

"அதுக்குத் தனியா ஆணி வருது. இந்தக் கயிறு. அடியில விரிக்க ஒரு ஷீட். கம்பி வேணும்னா அது தனி." ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் கூட்டினால் எங்கள் பழைய டென்ட்டே திரும்ப எழுந்து வந்துவிடும் போலிருந்தது.

கடைசியில் டென்ட்டே வேண்டாமென்று மெல்லிய தார்ப்பாய் ஒன்றை எடுத்தோம். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டிப் போட்டுக்கொண்டால் கூரை. படுக்க நுரைப்பாய், இடுப்பு வரைக்கும் வெட்டியது. "காலுக்குக் கீழ காலிப் பையைப் போட்டுக்கலாம், சில்லுன்னு இருக்காது" என்றார் இவர். அது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். நில அளவைக்காரராக இத்தனை வருஷம் வெட்டவெளியில் படுத்தவர் இல்லையா.

கைக்கோடரியில்தான் சண்டை வந்தது.

"கீழ விழுந்த சுள்ளியைப் பொறுக்கி எரிக்கப் போறீங்க. அதுக்குக் கோடரி எதுக்கு?"

"கோடரி இல்லாம காடா?"

"கத்தி இருக்குல்ல. ஒண்ணு போதும்."

பொம்மையைப் பறிகொடுத்த குழந்தைபோல முகத்தை வைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தார். அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக நான் ஏன் இப்படிப் பிடுங்குகிறேன்? எடைக்காகவா? எடைக்காகத்தான். இல்லை, எடைக்காக மட்டும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகள் போனில்: "ஸ்பூன் காம்பை வெட்டிட்டீங்களாமே? நீங்க ரெண்டு பேரும் வேற ஒரு டாக்டரைப் பாக்கணும்மா."

மார்ச் 12, புதன்

வீட்டில் திருட்டு நடக்கிறது. காலையில் சின்ன கேஸ் உருளையை அவர் பையிலிருந்து என் பைக்கு மாற்றினேன். மாலையில் வந்து பார்த்தால் அது திரும்ப அவர் பையில். கூடவே என் தண்ணீர் வடிகட்டியும்! அதை நான் மாற்ற, அவர் மழைக்கோட்டை மாற்ற, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஹாலுக்கு வந்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம். சிரித்திருக்கலாம். நான் அவர் பையைத் தூக்கி எடை பார்த்தேன்.

"கீழ வை."

"எவ்வளவுன்னு பாக்கறேன்."

"எப்பப் பார்த்தாலும் என்னை எடை போட்டுக்கிட்டே இருக்காத. நான் உன் கவுன்டருக்கு வந்த பார்சல் இல்ல."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். கதவைக்கூட அறையவில்லை, மெதுவாகச் சாத்தினார். அதுதான் இன்னும் சுட்டது.

எனக்கு மட்டும் ஆசையா? நவம்பரில் அந்த நாள், நான் மேலே துணி மடித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் வெங்காயம் உருண்டு இறங்கும் சத்தம் கேட்டது. "பை கிழிஞ்சிடுச்சா? ஒழுங்கா பாத்துத் தூக்க மாட்டீங்களா?" என்று உள்ளே இருந்தபடியே கத்தினேன். போய்ப் பார்த்தால் நடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார், முகமெல்லாம் வேர்வை, கை நெஞ்சில். அந்தப் பையில் இருந்தது இரண்டு கிலோ வெங்காயம்தான். இரண்டே கிலோ! அதைப் பார்த்த என்னிடம் போய் எடை போடாதே என்றால் நான் என்ன செய்வேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் காடே வேண்டாம் என்றுவிடுவார், அப்புறம் டிவி முன்னால் உட்கார்ந்தே கிழவராகிவிடுவார். அதையும் என்னால் பார்க்க முடியாது.

மார்ச் 14, வெள்ளி

நாளை கிளம்புகிறோம். ஒரு இரவு, அவ்வளவுதான்.

தொங்கும் தராசு வாங்கி வந்திருந்தேன். அவர் பை நாலு கிலோவுக்கு மேல் முப்பது கிராம் காட்டியது. "முப்பது கிராம்தானே" என்றார். "டாக்டர் நாலுன்னு சொல்லியிருக்கார். நாலுன்னா நாலு. குறையலேன்னா நாளைக்குப் பயணம் இல்ல" என்றேன். பாதி விளையாட்டு. இல்லை, விளையாட்டே இல்லை.

அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் பையோடு வந்து தராசில் மாட்டினார். முள் நாலுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. பரீட்சையில் பாஸான முகம் அவருக்கு.

"எதை எடுத்தீங்க?"

"அது தொழில் ரகசியம்."

பாவம், பல் தேய்க்கும் பிரஷை முழுசாகவே விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 15, சனி

வீட்டில் இருக்கிறேன். காட்டில் இருக்க வேண்டிய நேரம்.

எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது! பஸ்ஸை விட்டு இறங்கினதும் அவர் நடையே மாறிவிட்டது. முன்னால் போய்ப் போய் நின்று, எனக்காகக் காத்திருந்தார். ஓடைக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தோம். ரொட்டியும் வேர்க்கடலையும் எடுத்து வைத்துவிட்டு, சும்மாதான் கேட்டேன், "அந்த மாத்திரை எங்க வெச்சிருக்கீங்க?" வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை.

பையின் ஓரத்திலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து ஆட்டிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள். "பாட்டில் வீட்டுல. கண்ணாடி என்ன கனம் தெரியுமா? மூடியோட சேர்த்து நீ கேட்ட முப்பது கிராம் அதுலயே போயிடுச்சு!"

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னது காதில் கேட்டது: "கண்ணாடி பாட்டில்லயே இருக்கட்டும்மா. பிளாஸ்டிக்குல போட்டா இந்த மாத்திரையோட சத்து போயிடும்." மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். ஏறி, அந்த நர்ஸுக்கே போன் போட்டேன்.

"எப்ப மாத்தினீங்க? நேத்தா? எவ்வளவு வேலை செய்யும்னு சொல்ல முடியாதும்மா. அதை நம்பி இருக்காதீங்க. நல்லா இருக்காருல்ல? அப்ப மெதுவா திரும்பி வந்துடுங்க, வந்து புதுசா வாங்கிக்கோங்க."

திரும்பினோம். அவர் மூச்சை எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எத்தனை முறை எழுதினாலும் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலிருந்து வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். சோப்பை வெட்டுங்க, ஸ்பூனை வெட்டுங்க, உயிரைக் காப்பாத்தற ஒண்ணுல போயா கை வைப்பீங்க? அறிவு இருக்கா? எனக்கு யாரு இருக்கா?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "கண்ணாடியிலதான் இருக்கணும்னு நர்ஸ் சொன்னது உனக்குத் தெரியும். எனக்கு ஏன் தெரியல?"

"நான்தானே எடுத்துக் குடுக்கறேன்."

"அதான். என் மாத்திரை எதுக்குன்னுகூட எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் நீயே வெச்சுக்கிட்ட. எனக்குன்னு விட்டது அந்த முப்பது கிராம்தான். அதுல ஜெயிக்கணும்னு பாத்தேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, துடைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

பைகளை இரண்டு பேருமே பிரிக்கவில்லை. ஹாலில் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. தாண்டித் தாண்டிப் போகிறோம்.

மார்ச் 22, சனி

என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக டாக்டரிடம் போனார். நவம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நான் கவுன்டரில் ஒரே பெட்டிக்கு இரண்டு முறை முத்திரை குத்தினேன்.

வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த நாலு கிலோ அவருக்கு ஞாபகமே இல்ல. 'நான் சொன்னேனா? ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பேன்' அப்படிங்கறார்."

"என்னது?"

"இப்ப இருக்கற நிலைமைக்கு ஆறு கிலோகூட தூக்கலாமாம். மூச்சு வாங்கினா நின்னுடணும், வலிச்சா உட்கார்ந்துடணும், அவ்வளவுதான்."

பேச்சுக்குச் சொன்னாராம்! அந்தப் பேச்சுக்காகவா ஸ்பூனும் சோப்பும் வெட்டுப்பட்டன? சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எப்படி வைத்துக்கொள்வது, வலி வந்தால் முதலில் என்ன செய்வது, எப்போது ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுவது என்று எனக்கே பாடம் எடுத்தார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"இனிமே மருந்து என் பொறுப்பு. என் பையும் என் பொறுப்பு. நீ தூக்கிப் பாக்கக் கூடாது."

"கேக்கவும் கூடாதா?"

"ஒரு தடவை கேக்கலாம்."

பேரம் பேசிப் பார்த்தேன். ஒன்றுக்கு மேல் நகரவில்லை.

மார்ச் 28, வெள்ளி

அடுத்த வாரப் பயணத்துக்கு இப்போதே அறைக்குள்ளே பை கட்டுகிறார். ஏதோ இரும்புச் சத்தம் கேட்கிறது, கோடரியோ என்னவோ. கை அரிக்கிறது. கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருக்கிறேன். கேட்க ஒரு தடவைதான் இருக்கிறது, அதை இப்போதே வீணாக்கக் கூடாது.

ஏப்ரல் 5, சனி

காட்டிலிருந்து எழுதுகிறேன். என் பை கனக்கிறது. எதையாவது மறந்துவிட்டோமோ என்று கடைசி நிமிஷத்தில் கண்டதையும் திணித்தேன். ஏற்றத்தில் அவர் இரண்டு இடத்தில் நின்றார். நான் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அந்த ஒரு தடவையை ஓடைக்குப் பக்கத்தில் பயன்படுத்திக்கொண்டேன். பாட்டிலை எடுத்துக் குலுக்கிக் காட்டிவிட்டு உள்ளே வைத்தார். தார்ப்பாயைத் தாழ்வாகக் கட்டியிருக்கிறார், காற்று மேலேயே போய்விடுகிறது. வெளிச்சம் போகிறது, நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

விடியும்போதே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. அவர் எழுந்திருக்கும் சத்தம். எனக்குக் கேட்கக் கூடாதென்று மெதுவாகச் செருப்பை மாட்டினார், தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துக்கொண்டார், பள்ளத்தில் இருக்கும் ஓடைக்கு இறங்கினார். காலடிச் சத்தம் தேய்ந்து, அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

எழுந்து போடி என்றது மனசு. இறங்குவது பெரிசில்லை, நிறைந்த பாட்டில்களோடு ஏறணுமே. வழி செங்குத்து. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நுரைப்பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ. பிறகு கல் புரண்டது. மூச்சு வாங்குவது கேட்டது. காலடி நின்றது. நின்றே இருந்தது. என் மூச்சும் நின்றது. அப்புறம் மறுபடி நடந்து வந்தார்.

அடுப்பைப் பற்றவைத்து, டீ போட்டு முடித்த பிறகுதான் என் தோளைத் தட்டினார்.

"நல்லா தூங்கினியா?"

"ம். நீங்க எழுந்து போனதே தெரியல."

"நிஜமாவா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்."

குவளையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நவம்பருக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை. டீயில் சர்க்கரை போட மறந்திருந்தார். அப்படியே குடித்தேன்.