எனக்கு வேணாம் என்றவளுக்கு

இன்று மதியம் பள்ளி ஹாலில் எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை. ஆசிரியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க வந்த பயிற்சியாளர் மூலைக்கு மூலை அதைத் தெளித்துவிட்டு, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். கண்ணை மூடினேன். மனசு மூச்சில் நிற்காமல் உன்னிடம் ஓடிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் இதே ஹாலில் ஒரு சனிக்கிழமை. விடுமுறை நாளில் நம்மை வரவழைத்து நிம்மதி கற்றுக்கொடுத்தார்கள். உன் வீடிருந்த காக்ஸ் டவுனிலிருந்து பஸ் மாறி வந்த எரிச்சல் உனக்கு. எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நீ மடியில் கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாய். "என்ன மிஸ், ரிலாக்ஸ் பண்ணலையா?" என்று அன்று வந்த பயிற்சியாளர் கேட்டதும் எழுந்து நின்றாய்.

"சார், மூச்சு நாங்க வீட்லயே விட்டுக்கிறோம். டெய்லி ஒரு ஃப்ரீ பீரியடு வருது, அதையும் புடுங்கிக்கிறாங்க. அதை மட்டும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுப் போங்க, போதும்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் யாராவது லீவு போட்டால், ஆயா சீட்டோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடுவாள். யாருக்கு ஓய்வோ அவர் அந்த வகுப்புக்குப் போக வேண்டும். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மிஸ்" என்று கன்னடத்தில், கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி, சீட்டை நீட்டுவாள். பாத்ரூம் போக நேரம் கிடைக்காதென்று தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள் நாம்.

திங்கட்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் உன்னைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் வந்தேன்.

"சரி, யாரோட ஃப்ரீ பீரியடையும் தொடல. லீவு போட்டவங்க கிளாஸை யார் பாக்கறது?"

"ரெண்டு கிளாஸைச் சேத்து ஹால்ல உக்கார வெச்சு நான் பாத்துக்கறேன் மேடம்."

"அப்போ உங்க ஃப்ரீ பீரியடு?"

"எனக்கு வேணாம் மேடம். இவங்களுக்குக் குடுத்தா போதும்."

வெளியே வந்ததும், "உனக்கென்ன பைத்தியமா?" என்றேன். "விடுடி, பழகிடும்," என்றாய்.

பழகவில்லை. நாங்கள் காப்பி குடித்தோம், சிலர் மேசையில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். உன் குரல் மட்டும் ஹாலிலிருந்து வந்துகொண்டே இருந்தது, வருஷத்துக்கு வருஷம் கரகரத்துக்கொண்டு. பிரஷர் மாத்திரையைச் சாக்பீஸ் டப்பாவில் வைத்துக்கொண்டாய். உன் இடத்தில் நிற்க நான் வந்தால், "போய் உக்காருடி" என்று விரட்டினாய். கடைசியில் ஒரு காலை, பள்ளிக்கு வரும் வழியில் பஸ் ஸ்டாப்பிலேயே சரிந்து போனாய்.

இரங்கல் கூட்டத்தில் உன்னைத் தியாகி என்றார்கள். எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. இன்னும் இருக்கிறது. நீ வாங்கிக்கொடுத்த ஓய்வில் என்னால் ஓய்வாக உட்கார முடிவதில்லை. காப்பி ஆறிப்போகும், நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

இன்று பயிற்சி முடிந்ததும் புது பிரின்சிபால் மைக்கைப் பிடித்தார். இனி தினமும் இந்த மூச்சுப் பயிற்சி உண்டாம். எப்போது தெரியுமா? எங்கள் ஃப்ரீ பீரியடில்.

பக்கத்திலிருந்த சின்ன மிஸ், போன வருஷம் சேர்ந்தவள், என் முழங்கையை இடித்தாள். "நீங்கதான் சீனியர். கேளுங்க மிஸ்."

எழுந்தேன். "சார், அந்தப் பீரியடைத் தொடாதீங்க," என்றேன்.

"யாருக்குக் கஷ்டம்னு சொல்லுங்க மிஸ். அவங்களை விட்டுடலாம்."

நீயாக இருந்தால் உன்னை விட்டுவிட்டு, இவங்களுக்குத்தான் என்று உடனே எங்களையெல்லாம் கைகாட்டியிருப்பாய்.

"எனக்குத்தான் சார்," என்றேன். "எனக்கு வேணும்."

பக்கத்திலிருந்து, "எனக்கும் சார்," என்றாள் சின்ன மிஸ். பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. பிரின்சிபால் யோசித்துச் சொல்கிறேன் என்று மைக்கை வைத்துவிட்டார். என்ன சொல்வாரோ தெரியவில்லை.

எனக்கு வேணும் என்று நீ ஒரு தரம் சொல்லிக் கேட்கத்தான் அத்தனை வருஷமும் உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சொல்லை இனி நான்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.