பாட்டு முடிந்த பிறகு

மொன்றியல், 14.11.2004

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் இப்போது எப்படி?

வேலை பரவாயில்லை. ஆனால் உங்கள்மேல் எனக்குச் சரியான கோபம். சின்ன வயதில் நான் பார்த்த அந்த ஜப்பான் கார்ட்டூனை இந்த ஊர்க்காரரும் பிரெஞ்சில் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். சந்தையில் தக்காளி அடுக்கும்போது அதன் தொடக்கப் பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். நானும் பார்த்தவன் என்று கதை முழுவதையும் சொன்னேன். கூட வேலை செய்யும் லூக் நம்பவில்லை. "பார்த்தவனுக்கு மெட்டுக்கூடவா தெரியாது?" என்று சிரிக்கிறான்.

எப்படித் தெரியும்? கரண்ட் இல்லாத அந்த நாட்களில், "பாட்டு முடியட்டும், பேந்து டீவியைப் போடு. பற்றறி இறங்கிடும்" என்று கார் பற்றறியின் வயரைப் பிடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது நீங்கள்தானே!

பாட்டைப் பாடமாக்க லூக்கிடம் வீடியோ கசற் வாங்கிவந்தேன். இங்கே கரண்ட் போவதே இல்லை. ஆனாலும் என் கை பாட்டைத் தாண்டி ஓட்டிவிட்டுத்தான் நின்றது. இரண்டாம் முறையும் அப்படியே.

இடைவேளை முடிகிறது. அம்மாவிடம் கொஞ்சம் மிளகாய்த்தூள் கேட்டேன் என்று சொல்லுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போன் எடுக்கும்போது, "போன் கார்ட்டில காசு முடியப்போகுது" என்று வைத்துவிடாதீர்கள். முடிந்தால் அது தானாக நிற்கும். அதுவரைக்கும் கதையுங்கள், அப்பா.

சாம்பவன்